நான் திமிங்கலம் சமைத்த வெள்ளிக்கிழமை

ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னைக் காணும் இடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அன்ரி, இருபத்தாறு வருசத்தில நீங்கள் விட்ட ஆகப் பெரிய பிழை என்ன?" என் கெட்டித்தனங்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பரவாயில்லை, உங்கள் இடத்தில் இருந்தபோது நானும் அப்படித்தான் மற்றவர்களின் வாயைக் கிளறினேன்.

சின்னப் பிழைகள் ஏராளம். உப்பு ஆகாதவருக்கு உப்புச் சூப் அனுப்பியிருக்கிறேன். இரண்டு ட்ரே மாறி, பல்லில்லாத ஒரு ஐயாவுக்கு இறைச்சித் துண்டும் அவருடைய பக்கத்துக் கட்டில் பெடியனுக்குக் கஞ்சியும் போய், இருவரும் சந்தோசமாக மாற்றிக்கொண்ட கதையும் உண்டு. ஆகப் பெரியது எது என்றால் நான் யோசிக்கத் தேவையில்லை. ஒருமுறை நான் திமிங்கலம் சமைத்தேன்.

சிரிக்காதீர்கள். அன்று ஒரு மனுசியின் உயிர் அந்தச் சட்டியில் இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு, கோடை காலம். நான் திருகோணமலையிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரில் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவள், இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்ச் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, இரண்டு வருடத்தில் சுப்பர்வைசர் ஆகியிருந்தேன். திறமை என்று சொல்ல ஆசைதான், ஆனால் வாய்தான் காரணம். எங்கே எது பிழைத்தாலும் சத்தம் போட ஓர் ஆள் தேவைப்பட்டது, நான் அங்கே நின்றேன்.

எங்களோடு கெவின் என்று ஒரு கனேடியச் சமையல்காரன் இருந்தான். ஆறடி உயரம், பூனைக்குட்டி மனம். ஓய்வறைச் சுவரில் அவன் ஒரு பெரிய திமிங்கலப் படம் ஒட்டி, கீழே ஒரு மனுவும் தொங்க விட்டிருந்தான். வியாபாரத்துக்காகத் திமிங்கலம் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்று உலக நாடுகள் கூடி முடிவெடுத்திருந்த காலம் அது. சில நாடுகள் கேளாமல் இன்னும் கப்பல் விட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கப்பல்களையும் நிறுத்தச் சொல்லித்தான் மனு. கெவின் பேனாவை நீட்டியதும் நான் மறுபேச்சில்லாமல் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. திருகோணமலையில் கடல் அடங்கியிருந்த ஒரு பங்குனிக் காலை, கோணேசர் மலையில் நின்றபோது நான் ஒரு திமிங்கலத்தைக் கண்டிருக்கிறேன். தண்ணீருக்குள் இருந்து ஒரு கரும்பாறை மெதுவாக எழும்பியது. மூச்சு விட்டது. அந்த மூச்சின் சத்தம் மேலே நின்ற எங்களுக்குக் கேட்டது. பூசைக்கு வந்த சனம் பூசையை மறந்து கடலைப் பார்த்துக் கை கூப்பியது. நானும் கூப்பினேன். என் உடம்பு நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதைக் கொல்லுகிறவன் மனிதனே இல்லை என்பது என் முடிவு. அந்த முடிவில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு ட்ரே நாள் தவறாமல் தொடப்படாமல் திரும்பி வரத் தொடங்கியது. உருளைக்கிழங்கு மசியல், குழம்பு, ஜெலி எல்லாம் போனபடியே வந்தன. தேநீர் மட்டும் குடிபட்டிருந்தது. ஒன்பதாம் நாள் நானே மேலே போனேன். திரும்பி வரும் ட்ரேயைப் பார்த்தும் மேலே ஏறிப் போகாத சுப்பர்வைசர், சம்பளத்துக்கு நிற்கும் ஆள்தான். இதை நான் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

கட்டிலில் இருந்தவரின் பெயர் எலிசபி. அறுபது வயதிருக்கும். மரமே முளைக்காத வடக்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து, இரண்டு விமானம் மாறி, வயிற்றில் ஒப்பரேஷன் செய்யக் கொண்டுவரப்பட்ட இனுவிட் அம்மா. எஸ்கிமோ என்று உலகம் அப்போது சொல்லிக்கொண்டிருந்த சனம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கூட வந்திருந்த மகள் லேயாதான் அவருக்கு வாயும் காதும். எங்களுக்குள் ஆங்கிலத்தில் நடந்த பேச்சையெல்லாம் இங்கே எங்கட தமிழில் போடுகிறேன். அன்றைக்கு என் ஆங்கிலம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பது இதனால் மறைந்துபோகும், அதுவும் ஒரு வசதி.

"அம்மாக்கு காயம் ஆறேல்லை," என்றாள் லேயா. "சாப்பிடாட்டி ஆறாதாம். திங்கக்கிழமை காலமை மூக்கால குழாய் விடப் போறம் எண்டு சேர்ஜன் சொல்லிப்போட்டார்."

"அம்மா என்ன சொல்லுறா?"

"குழாய் வேண்டாமாம். குழாய் விடுறதெண்டால் தன்னை ஊருக்கு அனுப்பட்டாம், அங்க போய்ச் சாகிறாவாம்." லேயா இதைச் சொல்லும்போது தாயைப் பார்க்கவில்லை. தாய் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. பஸ் வருமா என்று நின்று பார்க்கிறவரின் பொறுமை மட்டும் இருந்தது.

"என்ன தந்தால் சாப்பிடுவா?"

"எங்கட சாப்பாடு. தம்பி அனுப்புறன் எண்டவன். வெள்ளிக்கிழமை பிளேனில வரும். ஆனா வார்ட்டில பிரிட்ஜுக்குள்ள வைக்க விடமாட்டினமாம்."

"என்னட்டக் கொண்டு வாங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன். என்ன சாப்பாடு என்று கேட்கவில்லை. வடக்குக் கடல் என்றால் மீன்தானே வரும் என்று என் மூளை முடிவுகட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேயா ஒரு கூலர் பெட்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஓய்வறைக்கு அழைத்துப் போய் மேசையில் வைத்துத் திறந்தோம். உள்ளே ஒரு கட்டியான துண்டு. மேற்பக்கம் கருஞ்சாம்பல் புள்ளி போட்ட தோல், என் சுண்டுவிரல் தடிப்பு. அதன் கீழே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொழுப்பு. இறைச்சி மாதிரியும் இல்லை, மீன் மாதிரியும் இல்லை.

"இது என்ன?"

"திமிங்கலம். நெத்தியில நீளக் கொம்பு இருக்கிற சாதி. தோலும் கொழுப்பும்."

தேநீர் குடிக்க வந்த கெவின் பின்னால் நின்று கேட்டுவிட்டான். அவன் முகம் வெளிறியது.

"சரோ, இது சட்டவிரோதம். உலகம் முழுக்கத் தடை. இதை இந்தச் சமையலறைக்குள்ள வைச்சிருந்தாலே நாங்கள் மாட்டுப்படுவம்."

லேயா சுவரில் இருந்த மனுவை வாசித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டியைப் பார்த்தாள். பிறகு மனுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள். சரோஜினிதேவி சிவபாக்கியநாதன் என்று இரண்டு வரிக்கு நீண்டு கிடந்தது என் பெயர். அதை வேறு யாருடையது என்று சொல்லித் தப்ப முடியாது.

"உங்களுக்கு எங்கட சாப்பாட்டில என்ன கோவம்?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கெவின் எனக்காகச் சொன்னான். "அது அறிவுள்ள உயிர். அதுகள் ஒண்டோட ஒண்டு கதைக்குங்கள்."

"தெரியும்," என்றாள் லேயா. "நாங்கள் கேட்டிருக்கிறம். தம்பி மூண்டு நாள் கரையில இருந்து பாத்தவன். அதுகள் பக்கத்தில வந்து மூச்சு விட்டது கேட்டுதாம். பிடிச்சது ஒண்டு. ஊர் முழுக்கச் சாப்பிடுது. ஒருத்தரும் விக்கேல்லை, ஒருத்தரும் வாங்கேல்லை. இது அம்மான்ர பங்கு."

மூச்சு என்ற சொல் என்னைப் பிடித்து உலுக்கியது. நான் மலையில் நின்று கேட்டுக் கும்பிட்ட அதே மூச்சை, இவள் தம்பி கரையில் இருந்து கேட்டிருக்கிறான். நான் தூர நின்று கும்பிட்டேன், அவன் கிட்ட இருந்து பிடித்தான். எங்களில் யாருக்கு அதை நன்றாகத் தெரியும் என்று எனக்குள் ஒரு கேள்வி எழும்பியது. அதற்கு அன்றைக்கு என் மனம் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தலைமை டயட்டீஷியன் அன்று லீவில், தொலைபேசி இல்லாத ஓர் ஏரிக்கரைக் கொட்டேஜில் இருந்தார். முடிவெடுக்க வேண்டியவள் நான். வெளிச் சாப்பாடு ஆகாது என்ற சட்டத்தைக் காட்டிப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளே, ஒருவரும் குற்றம் சொல்ல முடியாத முடிவு கையில் கிடைத்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அது பெரும்பாலும் உங்களைக் காப்பாற்றும் முடிவாக இருக்கும், நோயாளியை அல்ல.

நான் அரசாங்க மீன்பிடித் துறை அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். நாலு பேர் கைமாற்றி, ஐந்தாவதாக ஒரு மனிதர் பொறுமையாகக் கேட்டார். வியாபாரத்துக்குத் திமிங்கலம் பிடிப்பது இந்த நாட்டில் எப்போதோ நின்றுவிட்டது என்றார். வடக்கில் இருக்கும் இனுவிட் சனம் தங்கள் சாப்பாட்டுக்காகப் பிடிப்பது வேறு, அதற்கு உரிமை உண்டு, இத்தனைதான் என்ற வரையறையும் உண்டு என்றார். விற்று வாங்கியதா என்று கேட்டார். இல்லை, குடும்பத்துப் பங்கு என்றேன். பெட்டியோடு ஒரு கடதாசி வந்திருக்க வேண்டுமே என்றார். லேயா கூலர் மூடியின் உட்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்த கடதாசியைக் காட்டினாள். இலக்கத்தை வாசித்தேன்.

"அப்ப சரி. சட்டத்தில ஒரு பிழையும் இல்லை," என்றார். "அவவுக்குச் சுகம் வரட்டும்."

நான் ஃபோனை வைத்துவிட்டுக் கெவினிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். "சட்டம் சரியெண்டால் எல்லாம் சரியெண்டில்லை," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அடுப்புக்குப் போனான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மேலே ஒரு மனுசி சாப்பிடாமல் கிடந்தார். நான் பெட்டியைத் தூக்கினேன். "அம்மாட்டப் போங்கோ. நான் கொண்டு வாறன்," என்று லேயாவை மேலே அனுப்பினேன்.

சட்டத்தை விசாரித்தாயிற்று, பாவ புண்ணியத்தோடும் மல்லுக்கட்டியாயிற்று, சுப்பர்வைசர் வீரம் காட்டியாயிற்று. எனக்கு என்னைப் பற்றி நல்ல பெருமை. அந்தப் பெருமையோடு துண்டை வெட்டுப் பலகையில் வைத்தேன். ஒரு கணம் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு பெரிய உயிரின் எவ்வளவு சின்னத் துண்டு. குளிர்ந்து, இறுகி, வழுவழுப்பாக இருந்தது.

பிறகுதான் நான் எங்கட சனம் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டேன்.

ஒப்பரேஷன் செய்த உடம்பு. பத்து நாள் வெறும் வயிறு. அதற்குப் போய், பெட்டியில் வந்தபடியே பச்சையாக, குளிராக, கொழுப்பைக் கொடுப்பதா? பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டும், காய்ச்சல்காரருக்கு மிளகுரசமும், காயக்காரருக்கு உள்ளி போட்ட பத்தியக் கறியும் கொடுத்து வளர்ந்த கை என்னுடையது. நோயாளிக்குச் சூடு வேண்டும், காரம் அடங்கிய மிளகு வேண்டும், மஞ்சள் வேண்டும். இதில் எனக்குக் கேள்வியே எழவில்லை. என் லொக்கருக்குள் நாங்கள் எல்லோரும் வைத்திருக்கும் சாமான் போத்தல்கள் இருந்தன. மிளகு, சீரகம், மஞ்சள், நாலு பல்லு உள்ளி. துண்டு துண்டாக அரிந்து, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, நன்றாக அவித்தேன். கொஞ்சமும் மிச்சம் வைக்கவில்லை. தாராள மனசு.

சட்டியில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. பெரிய பாத்திரங்கள் கழுவும் யோகன், மட்டக்களப்புக்காரர், தலையை நீட்டினார்.

"அக்கா, உது என்ன மணம்? ஆஸ்பத்திரிக்குள்ள விளக்கெரிக்கிறியளோ?"

"உது பத்தியம். உம்மட வேலையைப் பாரும்."

"ருசி பாத்தியளோ?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மச்ச மாமிசம் வாயில வைக்கமாட்டன்."

"அப்ப நான் பாக்கட்டோ?"

"நோயாளிக்கு வந்ததில நீர் வாய் வைக்கப் போறீரோ?" என்று துரத்திவிட்டேன். சமைத்ததை ருசி பார்க்காமல், ருசி பார்க்க வந்தவரையும் விடாமல், மூடி போட்டு மேலே கொண்டு போனேன்.

எலிசபி அன்றுதான் முதன்முதலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லேயா தாயின் தலையை வாரி விட்டிருந்தாள். நான் ஏதோ மகாராணிக்குப் பரிமாறுவதுபோல மூடியை எடுத்தேன். ஆவி பறந்தது. மஞ்சள் குழம்பில் சுருண்டு போன ரப்பர்த் துண்டுகள் மிதந்தன.

எலிசபி மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். லேயா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாத்தையும் சமைச்சுப் போட்டீங்களோ?"

"ஓம்."

"எங்கட ஊரிலயும் சில பேர் அவிப்பினம்," என்றாள். என்னைத் தேற்றப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "ஆனா அம்மா பச்சையாத்தான் சாப்பிடுவா. அதுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தவ."

எலிசபி கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகுதான் காரணமாக இருக்கலாம். நீண்ட நேரம் மென்று, முடியாமல், துடைப்பான் கடதாசியில் துப்பி, மரியாதையாக மடித்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"நீங்கள் கனக்கக் கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறியளாம்," என்றாள் லேயா.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் லிஃப்டுக்குள் போய், கதவு மூடியதும், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். உலகத்தின் மறு ஓரத்தில் ஒருவன் மூன்று நாள் காத்திருந்து பிடித்து, ஊர் பங்கு பிரித்து, இரண்டு விமானத்தில் வந்ததை, ஒரு மணித்தியாலத்தில் நான் பாழாக்கிவிட்டேன். திங்கள் காலை குழாய். குழாய் வந்தால் அவர் ஊருக்குப் போய்விடுவார். ஊருக்குப் போனால் அந்தக் காயத்தோடு அவர் பிழைக்க மாட்டார்.

லேயா அன்றே ஊருக்கு ஃபோன் பண்ணினாள். இன்னொரு பெட்டி வருமா என்று தெரியவில்லை. நான் சனியும் ஞாயிறும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரிந்தேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு, தலைமை டயட்டீஷியன் கைப்பையை வைக்க முன்பே அவர் அறைக்குள் போனேன். ஒன்றும் மறைக்கவில்லை. வெளிச் சாப்பாட்டை எடுத்தது, ஃபோன் பண்ணியது, சமைத்தது, ருசி பார்க்காதது எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும், ஆனால் சேர்ஜனிடம் ஒரு நாள் தவணை வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். மெலிந்த, சிரிக்கவே தெரியாத பெண்மணி. அவரைக் கண்டால் நாங்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொள்வோம்.

"சட்டம் என்ன என்று ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கிறாய், அது நல்லது," என்றார். "இந்த உயிரைச் சாப்பிடுவது சரியா என்று கெவினோடும் உன்னோடும் நீ வாதாடியிருக்கிறாய். அதுவும் நல்லது. ஆனால் சாப்பிடப் போகிறவரிடம் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை."

என் வேலை வாழ்க்கையில் நான் கேட்ட பாடங்களில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. நானும் கெவினும் அந்த மனுசியின் தட்டுக்கு மேலே நின்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசினோம். தட்டுக்கு முன்னால் இருந்தவரை இருவரும் மறந்துபோனோம்.

அவர் ஃபோனை எடுத்து சேர்ஜனோடு கதைத்தார். அந்தத் தோலில் காயம் ஆற்றும் சத்து நிறைய உண்டு, பச்சையாகச் சாப்பிட்டால்தான் அது கிடைக்கும் என்று அவர் விளக்கியபோது எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. செவ்வாய் மத்தியானம் வரை தவணை கிடைத்தது.

பத்து மணிக்கு லேயா கீழே ஓடி வந்தாள். பெட்டி ஏறிவிட்டதாம், இரண்டு மணிக்கு விமான நிலையச் சரக்குப் பகுதியில் எடுக்கலாமாம். எனக்குக் கார் ஓடத் தெரியாது. யோகனிடம் கார் இல்லை. கெவின் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ர ஷிஃப்ட் ஒரு மணிக்கு முடியுது," என்றான்.

விமான நிலையத்துக்கு நானும் அவனோடு காரில் போனேன். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு அவன், "நீங்கள் மனுவில இருந்து பேரை வெட்டப் போறீங்களோ?" என்று கேட்டான்.

யோசித்துத்தான் சொன்னேன். "இல்லை. அந்தக் கப்பல்கள் நிக்கத்தான் வேணும். இது அந்தக் கப்பல் இல்லை."

"எனக்கு இன்னும் மனம் ஒத்துக்கொள்ளேல்லை, சரோ."

"ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. நீர் காரை ஓடும்."

அவன் சிரித்தான். பெட்டியை வாங்கும்போது, நான் கைநீட்ட முன்பே அவன்தான் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தான். மூன்றாம் மாடி வரை அவனே சுமந்து வந்தான். அறை வாசலில் என்னிடம் தந்துவிட்டு வெளியே நின்றுகொண்டான்.

திறந்தோம். இந்தமுறை உள்ளே இருந்தது ஒரே துண்டாக இல்லை. சின்னச் சின்னப் பொதிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு பையில், வேறு வேறு கையால் கட்டப்பட்டு, மேலே அவர்களுடைய எழுத்தில் பெயர்கள். லேயா எண்ணி முடிக்க முன்பே அழத் தொடங்கிவிட்டாள். அழுகைக்குள் சிரிப்பும் வந்தது. அந்த ஊரில் ஒரு சின்ன வானொலி இருக்கிறதாம். யாரும் ஃபோன் பண்ணிக் கதைக்கலாம், எல்லா வீட்டிலும் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். தம்பி அதில் சொல்லியிருக்கிறான், ரொறன்ரோவில் ஒரு பெண் அம்மாவின் பங்கை மஞ்சள் போட்டு அவித்துவிட்டாள் என்று. ஊரே வயிறு வலிக்கச் சிரித்ததாம். பிறகு ஒவ்வொரு வீட்டாராகத் தங்கள் பங்கில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து தம்பி வீட்டில் கொடுத்தார்களாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடதாசி இருந்தது. அதில் எழுத்தே இல்லை. ஒரு படம்தான், அடுப்பில் ஒரு சட்டி, அதன் குறுக்கே வேண்டாம் என்று பெரிய வெட்டுக் கோடு. எனக்கென்றே கீறியது.

கடலில் எழும்பிய அந்தக் கரும்பாறையைக் கண்டபோது வந்த அதே நடுக்கம் எனக்கு வந்தது. ஓர் உயிரை ஓர் ஊர் பங்கு பிரித்துக்கொள்கிறது. பிரித்த பங்கையும் பிரித்து, முகம் தெரியாத ஒரு சமையல்காரி கெடுத்ததை ஈடு செய்கிறது. இதற்கு முன்னால் என் மனுவும் சட்டமும் வெள்ளிக்கிழமை விரதமும் மிகச் சின்னவையாகத் தெரிந்தன. பிழையானவை என்று நான் சொல்ல வரவில்லை, சின்னவை.

இந்தமுறை நான் கேட்டேன். "எப்பிடி வெட்ட வேணும்?"

லேயா கேட்டுச் சொல்ல முன்பே எலிசபிக்கு விளங்கிவிட்டது. ஒரு பொதியை அவிழ்த்து, தோலின் மேல் நகத்தால் கட்டம் கட்டமாகக் கோடு கீறிக் காட்டினார். கொழுப்பு மட்டும் வெட்டுப்பட வேண்டும், தோலில் ஒட்டியபடி இருக்க வேண்டும். வெட்டினேன். கத்தி போகும் ஒவ்வொரு தடவையும் சரியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சரி என்று கண்ணால் சொன்னார்.

தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் ஒரு துண்டை மகளிடம் கொடுத்தார். லேயா வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை எடுத்து என்னை நோக்கி நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் அம்மா. நீங்கள் சாப்பிடுங்கோ. இது உங்களுக்கு வந்தது," என்றேன்.

லேயா மொழிபெயர்த்தாள். எலிசபியின் கை அப்படியே நின்றது. மெலிந்து, ஊசி குத்தித் தழும்பேறிய கை. அவர் அதை இறக்கவில்லை. தன்னுடைய துண்டையும் தொடவில்லை.

"பங்கில ஒருத்தரை விட்டிட்டு அம்மா சாப்பிடமாட்டா," என்றாள் லேயா. "நீங்கள் இந்த அறையில நிக்கிறியள்."

வாசலில் நின்ற கெவின் தலை குனிந்துகொண்டான். எலிசபி அவனை வற்புறுத்தவில்லை, அவன் வெளியேதான் நின்றான். நான் உள்ளே நின்றேன். அந்த மனுசி பதின்மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அவருடைய முதல் வாய்க்குத் தடையாக நின்றது நான்தான். வெளியே போயிருந்தால் எனக்கு ஒரு சிக்கலும் இருந்திருக்காது.

நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். கோயிலில் பிரசாதம் வாங்குவதற்கு அப்படித்தான் நீட்டுவேன், எனக்கு வேறு விதம் தெரியாது. வாயில் வைத்தேன். தோல் நறுக்கென்று கடிபட்டது. கொழுப்பு இளந்தேங்காய் வழுக்கைபோல நாவில் கரைந்தது. கடல் இருந்தது அதில். கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது எலிசபி என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கிவிட்டேன் என்று நிச்சயமான பிறகு, தன் துண்டை எடுத்து வாயில் வைத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.